இலங்கையின் உயர்ந்த சிகரங்களுக்கு நடந்து ஏறுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

இலங்கையின் மிக உயர்ந்த மலைக்கு நடந்து ஏற முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நுவரெலியா நகருக்கு நேர் மேலே நிற்கும் பீதுருதலாகலை 2,524 மீட்டர் உயரமுடையது. ஆனால் அதன் உச்சியில் ஒளிபரப்புக் கோபுரங்களும் பாதுகாப்புப் படையினரின் தொடர்பாடல் நிலையமும் இருப்பதால், மலை முழுவதும் பாதுகாப்பு வலயமாக இருந்து வருகிறது. அடிவாரச் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையையோ கடவுச்சீட்டையோ காட்டிப் பெயரைப் பதிந்துகொண்டு வாகனத்தில் மேலே போய்வரலாம். வழியில் இறங்கி நடக்க விடமாட்டார்கள். நாட்டின் உச்சியில் நின்றேன் என்று சொல்லிக்கொள்ள விரும்புகிறவர்கள் ஒரு காலை நேரத்தை அதற்காக ஒதுக்கலாம். மலையேற்றம் என்ற கணக்கில் அதைச் சேர்க்க எனக்கு மனமில்லை.

ஆகவே நடப்பவர்களுக்கான பட்டியல் இரண்டாவது சிகரத்தில்தான் தொடங்குகிறது. மத்திய மலைநாட்டின் தேசியப் பூங்காவான ஹோட்டன் சமவெளியின் தென்மேற்கு விளிம்பில் உள்ள கிரிகல்பொத்த 2,388 மீட்டர் உயரமுடையது. சில வரைபடங்களில் இது 2,395 மீட்டர் என்றும் இருக்கும். இலங்கையில் கால்நடையாக அடையக்கூடிய மிக உயர்ந்த புள்ளி இதுவே. அதே சமவெளியின் வடகிழக்கில் 2,357 மீட்டர் உயரத்தில் தொட்டுபொல கந்த மூன்றாவதாக நிற்கிறது. உயர வரிசையில் இவற்றுக்குக் கீழே, 2,243 மீட்டரில், புகழில் மற்ற எல்லாவற்றையும் மிஞ்சிய சிவனொளிபாத மலை வருகிறது. இந்த மூன்றையும் ஒரே பயணத்தில் ஏறி முடிப்பதற்கான ஒழுங்கையே இங்கே விவரிக்கிறேன்.

தொடங்குமுன் ஒரு விஷயத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். இந்த உயரங்களில் மூச்சுத்திணறலோ உயர நோயோ பெரும்பாலோரைத் தொடுவதில்லை. ஆளை மடக்குவது முகில். கடற்கரைச் சமவெளியிலிருந்து வரும் ஈரக்காற்று, வெயில் ஏறத் தொடங்கியதும் மலைச்சுவரோடு ஒட்டி மேலெழுந்து, குளிர்ந்து, முற்பகலிலேயே மூடுபனியாகச் சிகரங்களை மறைத்துவிடும். பிற்பகலில் பெரும்பாலும் அதுவே மழையாக மாறும். விடியற்காலை ஆறு மணிக்கும் முற்பகல் பத்து மணிக்கும் இடைப்பட்ட வேளையை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்பதில்தான் இந்த மலைகளில் ஒரு பயணத்தின் வெற்றி தங்கியிருக்கிறது. கீழே சொல்லப்படும் நேரக் கணக்குகள் எல்லாம் இதை மனதில் வைத்தே அமைந்தவை.

முதற்படி: மாதத்தைத் தெரிவு செய்தல்

மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று சிவனொளிபாதத்தையும் ஹட்டன், மஸ்கெலியா சரிவுகளையும் நேரடியாகத் தாக்கும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் இடைப்பருவ மழை. இடியும் மண்சரிவும் அதிகமாக இருக்கும் காலம் அது. டிசெம்பரில் வடகீழ்ப் பருவக்காற்று கிழக்குச் சரிவுகளை நனைக்கும். எஞ்சியிருக்கும் ஜனவரி பிற்பகுதி முதல் மார்ச் வரையான காலமே மூன்று சிகரங்களுக்கும் பொதுவாகப் பொருந்துகிறது. வானம் தெளிவாகவும் பாதை ஓரளவு காய்ந்தும் இருக்கும். சிவனொளிபாத யாத்திரைக் காலமும் அப்போது நடந்துகொண்டிருக்கும். தெளிந்த வானத்துக்குக் கொடுக்க வேண்டிய விலை குளிர். ஜனவரி, பெப்ரவரி மாதங்களின் விடியற்காலைகளில் ஹோட்டன் சமவெளியின் புல்வெளியில் உறைபனி படிவதுண்டு.

புறப்படுவதற்கு முந்தைய இரண்டு மூன்று நாட்களில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் முன்னறிவிப்பையும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மாவட்ட வாரியாக வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையையும் பார்த்துவிட வேண்டும். நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி மாவட்டங்களில் எதற்காவது எச்சரிக்கை நடைமுறையில் இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். அத்தகைய நாட்களில் மலையகப் புகையிரதப் பாதையே தடைப்படுவது வழக்கம். மலைப்பாதையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாம் படி: உடலும் மூட்டையும்

வெப்பநாடு என்ற எண்ணத்தில் மெல்லிய சட்டையோடு வந்து நடுங்குகிறவர்களை ஹோட்டன் சமவெளியின் வாயிலில் நாள்தோறும் காணலாம். ஆயிரம் மீட்டருக்கு ஆறு ஆறரை பாகை செல்சியஸ் என்ற கணக்கில் வெப்பம் குறைவதால், கொழும்பில் 27 பாகை இருக்கும்போது இந்தச் சிகரங்களில் 12, 13 பாகைதான் இருக்கும். காற்றும் ஈரமும் சேர்ந்தால் அதைவிடக் குளிராக உணர்வீர்கள். நனைந்தால் எளிதில் காயாத பருத்தி உடையைத் தவிர்த்து, விரைவில் உலரும் துணியில் உள்ளாடை, அதன் மேல் கம்பளி அல்லது அதையொத்த வெப்ப உடை, எல்லாவற்றுக்கும் மேலாகக் காற்றையும் மழையையும் தடுக்கும் அங்கி என்று மூன்று அடுக்குகளாக அணிவதே சரி. ஏறும்போது கழற்றலாம், உச்சியில் நின்றதும் போட்டுக்கொள்ள வேண்டும்.

அடிப்பகுதி நன்றாகப் பிடிக்கும் சப்பாத்து, மாற்றுக் காலுறைகள், நெற்றியில் கட்டும் டோர்ச், ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர், தொப்பி ஆகியவை கட்டாயம். முகிலுக்குள் நடந்தாலும் இந்த உயரத்து வெயில் தோலைச் சுடும். கைபேசியில் இணையமின்றித் திறக்கக்கூடிய வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். சமவெளியின் பல இடங்களில் சமிக்ஞை கிடைக்காது.

ஈரமான காலத்தில் அட்டைக்கடி தவிர்க்க முடியாதது. கால்சட்டையின் முனையைக் காலுறைக்குள் திணித்து, மேலே சவர்க்காரத்தையோ சித்தாலேப என்னும் மூலிகைத் தைலத்தையோ தேய்த்துக்கொள்வது தோட்டப் பகுதிகளில் நெடுநாளாகப் பழகிவந்த வழி. ஒரு சிறு துணிமுடிச்சில் உப்பைக் கட்டி எடுத்துச் சென்று, கடித்த அட்டையின் மேல் வைத்தால் அது தானாக விழுந்துவிடும். கடித்த இடம் சற்று நேரம் இரத்தம் கசிந்துகொண்டிருக்கும், அதற்குமேல் ஆபத்தில்லை. அட்டையைவிட உண்ணிக்குத்தான் கவனம் வேண்டும். மரைகள் மேயும் புல்வெளியில் உட்கார்ந்து எழுந்தவர்கள் இரவில் உடலை நன்றாகப் பார்த்துக்கொள்வது நல்லது.

முழங்கால்களுக்கு முன்பயிற்சி தேவை. ஒரு மாதத்துக்கு முன்பிருந்தே வாரத்தில் சில நாட்கள் மாடிப்படிகளை ஏறி இறங்குங்கள். இறங்குவதையும் அதே அக்கறையோடு பழக வேண்டும், ஏனெனில் சிவனொளிபாதத்தில் அழுகிறவர்கள் இறங்கும்போதுதான் அழுகிறார்கள்.

மூன்றாம் படி: தங்குமிடமும் வாயிலும்

ஹோட்டன் சமவெளிக்கு இரண்டு வாயில்கள் உள்ளன. நுவரெலியாவிலிருந்து அம்பேவெல வழியாக வருகிறவர்கள் பட்டிப்பொல வாயிலால் நுழைவார்கள்; இது ஏறக்குறைய 32 கிலோமீட்டர் தூரம். அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஒஹிய வாயில் கிட்டியது. பூங்காவுக்குள் பயணிகள் பேருந்து இல்லை, ஆகையால் முந்தைய நாள் மாலையிலேயே வாகனம் பேசி வைக்க வேண்டும். வாயில் காலை ஆறு மணிக்குத் திறக்கும்போது நீங்கள் அங்கே நிற்க வேண்டுமென்றால் நுவரெலியாவை நாலரை மணிக்கே விட்டுப் புறப்பட வேண்டும். வார இறுதியிலும் பாடசாலை விடுமுறையிலும் சீட்டு வாங்கும் வரிசை ஒரு மணி நேரத்தை விழுங்கிவிடும் என்பதால், வார நாளைத் தெரிவு செய்கிறவர் அந்த ஒரு மணி நேர வெளிச்சத்தையும் சேர்த்துப் பெறுகிறார்.

புகையிரதத்தில் வர விரும்பினால், இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையமான பட்டிப்பொலவிலோ அடுத்துள்ள ஒஹியவிலோ இறங்கி அங்கேயே தங்கலாம். ஒஹிய நிலையத்திலிருந்து சமவெளியின் மையம் வரை பதினொரு கிலோமீட்டர் ஏறுபாதை, நடப்பதற்கு இனிமையானது. ஆயினும் அதை நடந்துவிட்டு அதே நாளில் கிரிகல்பொத்தவையும் ஏறலாம் என்று திட்டமிடுவது விவேகமாகாது.

நுழைவுச் சீட்டை வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் கருமபீடத்தில் பெற வேண்டும். உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் கட்டணம் வேறுபடும். வெளிநாட்டவருக்கு அது பல மடங்கு. பைகளைத் திறந்து பார்த்து, பொலித்தீன் உறைகளையும் போத்தல்களில் ஒட்டியுள்ள பிளாஸ்ரிக் சுற்றையும் காவலர்கள் அகற்றிவிடுவார்கள். ஆகவே தேங்காய் ரொட்டியையும் கட்டைச் சம்பலையும் வாழையிலையிலோ பெட்டியிலோ கொண்டு போவதே வசதி. புகைத்தலுக்கும் நெருப்பு மூட்டுவதற்கும் தடை உண்டு. காய்ந்த காலத்தில் பத்தனை எனப்படும் இப்புல்வெளி ஒரு தீப்பொறியில் ஏக்கர் கணக்கில் எரிந்துவிடக்கூடியது.

நான்காம் படி: தொட்டுபொல கந்த

முதல் நாளுக்கு இதுவே ஏற்றது. பட்டிப்பொல வாயிலைக் கடந்து சற்றுத் தூரத்தில், வீதியோரத்திலேயே பாதை தொடங்குகிறது. போகும் தூரம் இரண்டு கிலோமீட்டர் அளவுதான். வீதியே இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் இருப்பதால் உண்மையான ஏற்றமும் குறைவு. நிதானமாக நடந்தால் ஒன்றரை மணி நேரத்தில் உச்சியை அடையலாம். இராவணன் தன் விமானத்தை இறக்கிய இடம் இது என்று ஊர்க்கதை சொல்லும். மூன்றாவது உயர்ந்த சிகரம் என்ற பெயர் இருந்தும் கூட்டம் இங்கே வருவதில்லை. எல்லோரும் உலக முடிவு (World's End) எனப்படும் செங்குத்து மலைவிளிம்பை நோக்கி வாகனத்தில் கடந்து போய்விடுகிறார்கள். உங்கள் சப்பாத்து, அங்கி, மூச்சு ஆகிய மூன்றும் அடுத்த நாளுக்குத் தயாரா என்பதை இங்கே சோதித்துக்கொள்ளலாம்.

இறங்கிய பின் நேரமிருந்தால் உலக முடிவுச் சுற்றுப்பாதையையும் நடக்கலாம். ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான இப்பாதையில் பேக்கர் நீர்வீழ்ச்சியும் இரண்டு செங்குத்து விளிம்புகளும் வரும். பெரிய விளிம்பில் நிலம் 870 மீட்டருக்கு மேல் ஒரேயடியாகச் சரிகிறது. பத்து மணிக்குப் பின் போகிறவர்கள் பெரும்பாலும் வெள்ளைத் திரையைத்தான் பார்த்துவிட்டு வருவார்கள். அதனால் சிகரமா, உலக முடிவா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க நேரிட்டால் மற்றதை இன்னொரு காலைக்கு விட்டுவிடுங்கள்.

ஐந்தாம் படி: கிரிகல்பொத்த

இந்த வழிகாட்டியின் கடினமான நாள் இது. பழைய ஃபார் விடுதியில் இயங்கும் பார்வையாளர் நிலையத்தின் அருகிலிருந்து போக ஏழு கிலோமீட்டர், திரும்ப ஏழு கிலோமீட்டர். சீட்டு வாங்கும்போதே கிரிகல்பொத்தவுக்குப் போகிறோம் என்று சொல்லி, பாதை திறந்திருக்கிறதா என்று கேட்டு, எத்தனை பேர் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்ற விவரங்களைக் கொடுத்துவிட்டே புறப்பட வேண்டும். தனியாகப் போக வேண்டாம். பாதை தெரிந்த ஒருவரை வழித்துணையாக அழைத்துப் போவதையே நான் பரிந்துரைப்பேன்.

வரைபடத்தில் பார்த்தால் தொடக்கப் புள்ளிக்கும் உச்சிக்கும் இடையிலான உயர வேறுபாடு முந்நூறு மீட்டருக்குள்தான் அடங்கும். அதை நம்பி ஏமாறக்கூடாது. பாதை ஒரே ஏற்றமாக இராமல், புல்வெளியிலிருந்து காட்டுக்குள் நுழைந்து, மேடேறி, மறுபக்கம் இறங்கி, மீண்டும் புல்வெளிக்கு வந்து, அடுத்த மேட்டில் ஏறும். இந்த ஏற்ற இறக்கங்களைக் கூட்டினால் கால்கள் செய்யும் வேலை அந்த முந்நூறைப் பலவாறு தாண்டிவிடும். திரும்பும்போதும் அத்தனை மேடுகளையும் மறுபடி ஏற வேண்டும்.

புல்வெளிப் பகுதிகளில் நிலம் கறுத்து, நீரூறி, சில இடங்களில் கணுக்கால் வரை புதையும். காட்டுக்குள் மழைநீர் அரித்த பாதை கால்வாய்போல ஆழ்ந்திருக்கும். குட்டை மூங்கில் இருபுறமும் வளைந்து மூடியிருக்கும் இடங்களில் குனிந்தே போக வேண்டும். இது முகிற்காடு. மரங்கள் உயரமாக வளராமல் கிளை முறுக்கி நிற்கும். பட்டையெங்கும் பாசியும் தாடிபோல் தொங்கும் லைக்கனும் முகிலிலிருந்து நீரைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாய் நிலத்துக்கு இறக்குகின்றன. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று பெரும் ஆறுகளின் தலைநீர் இந்தச் சமவெளியிலிருந்து போகிறது. 1988இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இப்பகுதியை, சிவனொளிபாதக் காட்டோடும் நக்கிள்ஸ் மலைத்தொடரோடும் சேர்த்து யுனெஸ்கோ 2010இல் உலக மரபுரிமையாக ஏற்றது. சிவப்பு ரொடோடென்ட்ரன் பூக்களையும், மூக்கில் கொம்பு முளைத்த ஓணானையும் பாதையோரத்திலேயே பார்க்கலாம். சிறுத்தை இருக்கிறது. மரைகளை வேட்டையாடி வாழும் அது மனிதரைக் கண்டால் ஒதுங்கிவிடும்.

வழி தவறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் நடக்கும்: காடு முடிந்து புல்வெளி தொடங்கும் வாய்களில். அங்கே மரைகள் நடந்த தடங்கள் பல திசைகளில் பிரியும். ஒவ்வொன்றும் பாதை போலவே தோன்றும். முகில் இறங்கிவிட்டால், எதிர்ப்புறக் காட்டில் நுழைய வேண்டிய வாய் எது என்பது தெரியவே தெரியாது. ஆகையால் ஒவ்வொரு புல்வெளியின் தொடக்கத்திலும் நின்று, திரும்பிப் பார்த்து, வந்த வாயைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இது எளிய வேலை. திரும்பும்போது இதுவே கைகொடுக்கும். ஐந்து நிமிடத்துக்கு மேல் அடையாளம் எதுவும் தென்படாவிட்டால் முன்னே போகாமல் கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடத்துக்குத் திரும்ப வேண்டும்.

ஏழு மணிக்குள் நடக்கத் தொடங்கினால் பத்து, பத்தரைக்குள் உச்சியை அடையலாம். அதற்கு முன் ஒன்றிரண்டு பொய்ச் சிகரங்கள் ஆசை காட்டும். கடைசிப் பகுதியில் பாறை வழுக்கும். பதினொரு மணி ஆகியும் உச்சி வரவில்லையென்றால் நின்ற இடத்திலிருந்தே திரும்பிவிடுங்கள் என்று நான் கண்டிப்பாகவே சொல்வேன். இங்கே ஆறரை மணிக்கு இருட்டிவிடும், அந்தி நீடிக்காது. வானம் தெளிந்திருந்தால் நேர் மேற்கே முப்பது கிலோமீட்டர் தூரத்தில் சிவனொளிபாதத்தின் கூம்பும், வடக்கே பீதுருதலாகலையும், வடகிழக்கில் முந்தைய நாள் ஏறிய தொட்டுபொலவும் ஒருசேரத் தெரியும்.

நிலையத்துக்குத் திரும்பியதும் கருமபீடத்தில் வந்துவிட்டோம் என்று அறிவியுங்கள். வாகனத் தரிப்பிடத்தில் கைநீட்டினால் வந்து நிற்கும் மரைகளுக்கு மிச்சச் சாப்பாட்டைக் கொடுக்காதீர்கள். அந்தப் பழக்கம் அவற்றைக் கெடுத்து வருகிறது.

ஆறாம் படி: சிவனொளிபாத மலை

ஒரு நாள் ஓய்வுக்குப் பின் நானுஓயாவிலிருந்து ஹட்டன் வரை புகையிரதத்தில் வந்து, அங்கிருந்து மஸ்கெலியா வழியாக, மவுசாகலை நீர்த்தேக்கத்தைச் சுற்றி, நல்லதண்ணிக்குப் பேருந்தில் போகலாம். யாத்திரைக் காலம் டிசெம்பர் மாத உந்துவப் போயாவில் (முழுநிலா நாளில்) தொடங்கி மே மாத வெசாக் போயாவோடு முடியும். அந்த மாதங்களில் பாதை முழுவதும் இரவில் விளக்கெரியும். படியோரக் கடைகளில் பிளேன் டீயும் ரொட்டியும் கிடைக்கும். பௌத்தர்களுக்குப் புத்தரின் பாதம், சைவர்களுக்குச் சிவனின் பாதம், இஸ்லாமியரும் கிறித்தவரும் ஆதாமோடு தொடர்புபடுத்தும் இடம் என்பதால் மலை எல்லோருக்கும் பொதுவாக இருந்து வந்திருக்கிறது. 14ஆம் நூற்றாண்டில் இபுனு பதூதா இதில் ஏறி, பாறையில் பிடித்து ஏறுவதற்காகப் பொருத்தப்பட்டிருந்த சங்கிலிகளைப் பற்றி எழுதிவைத்தார்.

நல்லதண்ணிப் பாதையில் ஏறக்குறைய ஐயாயிரத்து ஐந்நூறு படிகள். ஆயிரம் மீட்டர் ஏற்றம். இரத்தினபுரிப் பக்கத்தில் பலாபத்தல வழியும், குருவிட்டவிலிருந்து எரத்ன வழியும் உண்டு. அவை மிக நீளமானவை. தாழ்நிலத்திலிருந்து தொடங்குவதால் ஏற்றமும் மிகக் கூடுதல். காட்டை விரும்பும் பழகிய நடையாளர் எரத்ன வழியாக ஏறி நல்லதண்ணியில் இறங்கலாம். முதன்முறை வருகிறவர்கள் நல்லதண்ணியையே எடுப்பது நல்லது.

போயா தினத்தையும் வார இறுதியையும் கட்டாயம் தவிருங்கள். அந்த இரவுகளில் உச்சிக்கு அருகே வரிசை மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும். விடியலைப் படியிலேயே கழிக்க நேரிடும். சாதாரண வார நாளில் இரண்டு மணிக்குப் புறப்பட்டால் ஐந்தரைக்குள் மேலே போய்விடலாம். மிக விரைவாக ஏறி நாலரைக்கே உச்சியில் போய் வியர்வையோடு உட்காருவது பலரும் செய்யும் தவறு. அங்கே ஒதுங்க இடம் குறைவு, காற்று உடலை விறைக்க வைத்துவிடும். கடைசிக் கடையில் தேநீர் குடித்து, உலர்ந்த மேற்சட்டையை மாற்றிக்கொண்டு, விடிவதற்கு முக்கால் மணி நேரம் இருக்கையில் மேலே போவதே அளவு. செங்குத்தான இறுதிப் பகுதியில் இரும்புக் கைப்பிடிகள் உண்டு. உச்சியின் திருத்தலத்தில் சப்பாத்தைக் கழற்ற வேண்டும், ஆகவே தடித்த காலுறை ஒரு சோடி மேலதிகமாக இருக்கட்டும். தோளும் முழங்காலும் மறையும் உடை அணிந்திருக்க வேண்டும். எத்தனையாவது முறை ஏறினீர்களோ அத்தனை தடவை மணியை அடிப்பது அங்குள்ள வழக்கம்.

சூரியன் கிளம்பியதும் கிழக்கே மட்டும் பார்த்துக்கொண்டு நின்றுவிடாதீர்கள். மறுபக்கம் திரும்பினால், மலையின் நிழல் ஒழுங்கான முக்கோணமாய் மேற்கேயுள்ள முகில்மேல் விழுந்திருக்கும். சில நிமிடங்களில் அது சுருங்கி மறைந்துவிடும். இறங்கும்போது பாதத்தைக் குறுக்காக வைத்து, கைப்பிடியில் எடையைப் பகிர்ந்து, அவசரமின்றி இறங்குங்கள்.

யாத்திரைக் காலத்துக்கு வெளியே ஏறுவதும் முடியும். ஆனால் அப்போது விளக்கும் கடையும் ஆள்நடமாட்டமும் இரா. மழையும் அட்டையும் நிறைய இருக்கும். அந்த மாதங்களில் போகிறவர்கள் குழுவாகவே போக வேண்டும், தங்குமிடத்தில் திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டே போக வேண்டும்.

அவசர வேளை

நாடெங்கும் இலவசமாக இயங்கும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை 1990 என்ற இலக்கத்திலும், பொலிஸாரை 119 என்ற இலக்கத்திலும் அழைக்கலாம். வண்டி வீதி வரைதான் வரும் என்பதால், கிரிகல்பொத்தப் பாதையில் கால் பிசகினால் பூங்கா அலுவலர்களின் உதவியைத்தான் நாட வேண்டும். குழுவில் ஒருவர் காயப்பட்டவரோடு இருக்க, இருவர் சேர்ந்து நிலையத்துக்கு நடப்பதே முறை. இதனாலேயே நால்வருக்குக் குறையாத குழு நல்லது. நனைந்து நடுங்குகிறவருக்கு முதலில் ஈர உடையைக் களைந்து உலர்ந்ததை அணிவித்து, காற்றுப் படாத இடத்தில் அமர்த்தி, இனிப்பான பானம் கொடுங்கள். மதுசாரம் கொடுக்கவே கூடாது.

இன்னும் இரண்டு நாள் இருந்தால்

பதுளைக்கும் பசறைக்கும் அருகே 2,036 மீட்டர் உயரத்தில் நிற்கும் நமுனுகுல, கிழக்கு மலையகத்தின் தனிச்சிகரம். பாதைகள் தேயிலைத் தோட்டங்களுக்குள்ளால் ஏறி, கடைசியில் காட்டுக்குள் நுழைகின்றன. பல இடங்களில் பிரிவதால், தோட்டத்து இளைஞர் ஒருவரைக் கூலி பேசி அழைத்துப் போவதே வழி. தமிழில் பேசியே ஒழுங்கு செய்துகொள்ளலாம். வடகீழ்ப் பருவமழை விடும் பெப்ரவரிக்குப் பிறகு போவது நல்லது. கொழுந்து பறிப்பவர்கள் மலைக்குப் புறப்படும் நேரத்துக்கு முன்பே நீங்கள் தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயங்களில் கடைசியைக் கடந்துவிட்டால், முகில் வருவதற்குள் உச்சியில் நிற்கலாம்.